தட்டினால் திறக்கும் வீடு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போன வாரம் உனக்கு வந்தது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம். இங்கே எல்லோரும் சுகம், நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே என்று இருந்ததே, அதில் உன்னைப் பற்றியதெல்லாம் மனசாரச் சொன்னது, எங்களைப் பற்றியது பொய். கை வலி என்பதால் சின்னவளை எழுதச் சொன்னேன் என்றாள். வெறும் வலி இல்லை அக்கா, மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியை இடித்துவிட்டார்கள். நீயும் நானும் பிறந்த அறைகூட இல்லை. முதலில் அது சோப்புக் கிடங்காம், டாக்டரம்மா இரண்டு கட்டிலோடு ஆரம்பித்த புதிதில் தரையைக் கழுவினால் நுரை நிற்காதாம், ஆயா வேலைக்கு வந்த முதல் நாளே தான் வழுக்கி விழுந்ததை அம்மா எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்புறம்தான் மாடி, பின்னால் நமக்கு இந்த வீடு. ராத்திரி வலியோடு வருபவர்கள் சந்துப் பக்கம் நம் கதவைத்தான் தட்டுவார்கள். “யாருன்னு கேட்டுட்டு நிக்காதே, முதல்ல திற” என்பது டாக்டரம்மா போட்ட ஒரே சட்டம். அம்மா சாகும்வரை வீடு அவளுக்குத்தான் என்று தன் மகனை வைத்துக்கொண்டு சொன்னவரும் அவர்தான். அவர் போனதும் மகன் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். இப்போது நம் முன்வாசலைத் திறந்தால் பெரிய பள்ளம், அப்பா பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். மிச்சம் சந்துக் கதவுதான், அங்கே இடம் வாங்கினவரின் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும்போது, “என்ன பாப்பா, மூட்டை கட்டலையா இன்னும்?” என்று காலை நீட்டிக்கொண்டே கேட்கிறார்கள், தாண்டித்தான் போகிறேன்.

இரண்டு வாரம் முன்னால் ஒரு ராத்திரி அவர்கள்தான் தட்டினார்கள். அம்மா பழக்கத்தில் யார் என்றுகூடக் கேட்காமல் திறந்துவிட்டாள். தள்ளிக்கொண்டு வந்து மின்சார ஒயரை அறுத்தார்கள், கதவு இடித்துத்தான் கை போயிற்று. ஏம்மா திறந்தே என்று கேட்டால், “தட்டினாங்க, திறந்தேன்” என்கிறாள், அவ்வளவுதான். அதனால் அப்பா ராத்திரி வேலைக்குப் போகுமுன் உள்ளே பூட்டுப் போடச் சொல்லி, சாவியை என்னிடம் கொடுக்கிறார். யார் தட்டினாலும், அம்மாவே கேட்டாலும் தரக்கூடாதாம். இருட்டில் ஒரே மெழுகுவத்தியோடு பூட்டிக்கொண்டு கிடக்கிறோம், இருமக்கூடப் பயமாக இருக்கிறது.

டாக்டரம்மா மகன் உன் ஊரில்தான் இருக்கிறார். மறக்காமல் போய்ப் பார், அவர் அம்மா சொன்னதை ஒரு தடவை இங்கே வந்து சொல்லச் சொல். நீ நல்லாயிருக்கணும் என்று அம்மா தூக்கத்தில்கூட முனகுகிறாள், அதையே ஆசீர்வாதமாக வைத்துக்கொள். இப்படிக்கு, உன்

அக்கா, கதவைத் தட்டுகிறார்கள். பெண் குரல். “ஆயாம்மா, வலி தாங்கல, திறங்க” என்கிறது. ஆஸ்பத்திரி இடிந்தது தெரியாமல் வந்தவளா, அவர்கள் கூட்டி வந்தவளா, தெரியவில்லை. அம்மா எழுந்து வந்து என் முன்னால் நிற்கிறாள். நல்ல கையைச் சாவிக்காக நீட்டுகிறாள். நான்