நைனா சொன்னதாக நான் எழுதியது

திருத்தணி
மார்ச் 8, சனிக்கிழமை

அன்புள்ள ப்ளெஸ்ஸி அக்காவுக்கு,

உன் கடிதத்தை உறையிலிருந்து எடுத்தபோது முதலில் என் கண்ணில் பட்டது தாளின் பின்பக்கம். ஓரிடத்தில் மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாய், எழுத்து பின்னால் புடைத்து விரலுக்குத் தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தேன், 'நைனா' என்று இருந்தது. அந்தச் சொல்லைப் பற்றி உன்னிடம் நிறையச் சொல்ல வேண்டும். ஆனால் அம்மா சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்கம்போல் எங்காவது விட்டுவிடுவேன்.

அன்பு மகளுக்கு அம்மா சொல்வது. ஆண்டவர் தயவில் நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ராஞ்சியில் காலை நேரத்துக் குளிர் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய், காலுறை போடாமல் கோயில் தரையில் நிற்காதே, சின்ன வயதிலிருந்தே உனக்குச் சளி பிடித்தால் லேசில் போகாது. என் முழங்கால் பரவாயில்லை, மலைப்படி ஏறச் சொன்னால்தான் முடியாது, உங்க சாமி கீழேதானே இருக்குது, உனக்கு எதுக்கு அந்தக் கவலை என்று பக்கத்து வீட்டு தமயந்தி கேலி செய்கிறாள். காலேப் மாமா கனகம்மாசத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டிபன் கடை போட்டிருக்கிறார், திருப்பதி போகிற வண்டிகள் நின்று போவதால் வியாபாரம் சுமாராக நடக்கிறது, மாமி உன்னை விசாரித்தாள். நம் முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, தின்னத்தான் ஆள் இல்லை. தவக்காலம் என்று ஒரேயடியாகப் பட்டினி கிடக்காதே, வெள்ளிக்கிழமை ஒரு வேளை விட்டால் போதும். அந்த ஊர் ரொட்டி பிடிக்காவிட்டாலும் பாலாவது குடி. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்.

இதுவரை அம்மா சொன்னது. சொல்லி முடித்து, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறார், வர ஒரு மணி நேரம் ஆகும். இனி வருவது நான் என் சொந்தமாக எழுதுவது. சிஸ்டர் பயிற்சி முடிகிற வரைக்கும் உங்கள் நவதுறவகத்தில் போன் கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம்தான், அதனால் வீட்டைப் பற்றி நான் எழுதுவதை நீ நம்பித்தான் ஆக வேண்டும். அது தெரிந்தும் செய்தேன். டிசம்பர் கடிதத்தில் நைனாவைப் பற்றி இருந்தது எல்லாம் பொய், அக்கா. அம்மா அதைச் சொல்லவில்லை. நைனா உன் போட்டோவைத் தறிக்கூடத்தில் மாட்டவில்லை. யாரிடமும் என் பெரிய பொண்ணு சிஸ்டராகப் போகுது என்று சொல்லவில்லை. 'ப்ளெஸ்ஸிய ஆண்டவருக்குக் குடுத்துட்டேன், குடுத்தத திருப்பிக் கேக்க மாட்டேன்' என்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தை என்னுடையது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அன்று அம்மா மொச்சை உரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார், நான் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு காய்க்குள்ளிருந்து பச்சைப் புழு ஒன்று வெளியே வந்தது. அது முறத்தின் விளிம்பு வரைக்கும் போய், தலையைத் தூக்கி அந்தரத்தில் தேடிவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் அதே விளிம்புக்குப் போனது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, சொல் எதுவும் உள்ளே வரவில்லை. எழுதிட்டியா என்று அம்மா கேட்டபோது தாளில் 'நைனாவைப் பற்றி' என்பதோடு நின்றிருந்தது. மறுபடியும் சொல்லுங்க என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அம்மா பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் எடுப்பார். ஒன்பதாவதில் டீச்சர் எல்லோர் முன்னாலும், கண்ணு போர்டுல இருக்குது புத்தி எங்க மேயுது என்று கேட்டது, நான் அதோடு நின்றுவிட்டது, அப்புறம் கோயிலில் நடந்த மருத்துவ முகாமில் டாக்டரம்மா இது சோம்பேறித்தனம் இல்லை, கவனம் ஓரிடத்தில் நிற்காத குறை, பழகிப் பழகிச் சமாளிக்கலாம் என்று சொன்னது, அதற்கு நைனா, வேலை செய்யாததுக்கு இப்போ பேர் வேற வெச்சிட்டாங்களா என்று கேட்டது. அதற்குப் பயந்து ஆங் என்று சொல்லிவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மீதியை நானே எழுதி நிரப்பினேன்.

அன்றைக்கு அதைப் பொய் என்று நினைக்கவில்லை, விட்டதை ஒட்டுப் போடுவதாகத்தான் நினைத்தேன். ஒரு வரி எழுதியதும் அடுத்த வரி தானாக வந்தது. போட்டோவை எங்கே மாட்டுவார் என்று யோசித்தேன், மீட்டர் பெட்டிக்கு மேலே என்று தோன்றியது, அதற்கு ஆணி யார் கொடுத்திருப்பார் என்று யோசித்தேன், முதலாளி தணிகைவேல் அண்ணன் என்று எழுதினேன். எங்கும் நிற்கவில்லை, எழுந்து போகவில்லை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சில் எழுதினேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் இப்போது என்ன கதை எழுதுகிறாய், முடித்தாயா என்று கேட்கிறாய். நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன பதினொரு நோட்டிலும் கதை இருக்கிறது, ஒன்றுக்கும் முடிவு இல்லை. விடியற்கால ரயிலில் பூக்கூடையோடு சென்னைக்குப் போகிற பெண்ணின் கதை ஒரு வருஷமாக அரக்கோணத்தைத் தாண்டவில்லை, அவள் எதிரே ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது என்று எழுதினேன், அதற்கப்புறம் அந்தச் செருப்பின் பின்னாலேயே போய்விட்டேன். நான் ஆரம்பித்து முடித்தது ஒன்றே ஒன்றுதான். அதை உனக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

போன வாரம் உன் பதில் வந்தது. இரண்டு வருஷமாக நைனா ஒரு வார்த்தை சொல்லாததால் மனசு விட்டுப்போய், வீட்டுக்குத் திரும்புவதாக மதரிடம் சொல்லிப் பெட்டியும் கட்டிவிட்டதாகவும், அன்றைக்குத்தான் என் கடிதம் வந்ததாகவும் எழுதியிருந்தாய். நைனாவின் வார்த்தையை ஒரு சீட்டில் எழுதி ஜெபப் புத்தகத்தில் வைத்திருப்பதாகவும், தினமும் அதைப் பார்த்து அழுவதாகவும், மே மாதம் முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும்போது நைனாவும் அம்மாவும் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அக்கா, நீ அழுதாய் என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் எழுதியதைப் படித்து ஒருத்தர் அழுதிருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் உடம்பெல்லாம் கூசியது. பொய் எழுதியதை விட, அதை நினைத்தால்தான் உன் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றுகிறது.

அதோடும் நிற்கவில்லை. அம்மாவால் அச்செழுத்துத்தான் படிக்க முடியும், உன் கையெழுத்து பிடிபடாது, நான்தான் படித்துக் காட்டுவேன். நைனாவைப் பற்றி நீ எழுதியதையும் பெட்டி கட்டியதையும் விட்டுவிட்டு, குளிரையும் ரொட்டியையும் மட்டும் படித்தேன். மூணு பக்கம் எழுதிக்கீறா, நீ அதுக்குள்ள முடிச்சிட்ட என்று அம்மா கேட்டார். பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறாய் என்று சொன்னேன்.

தினமும் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுது என்று நீ சொன்னதை நான் செய்யாமல் இல்லை, என்னால் முடியவில்லை. ஆனால் தறிக்கூடத்தில் முடிகிறது. நான் அங்கே தார் சுற்றுகிறேன், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் ஏற்றுகிற வேலை. மெஷினில் ஆறு குச்சி மாட்டினால் அவை நிறைவதற்கு மூன்று நான்கு நிமிஷம் ஆகும். அதற்குள் நூல் கட்டு சுற்றிவந்த தாளில் இரண்டு வரி எழுதுவேன். நிறைந்ததும் எழுந்து குச்சியை மாற்ற வேண்டும், மாற்றிவிட்டு வந்தால் அடுத்த வரி வந்திருக்கும். உட்கார்ந்தே இரு என்று யாரும் சொல்லாததால் உட்கார முடிகிறது போலிருக்கிறது. தமயந்தி அக்காவும் என் பக்கத்தில்தான் தார் சுற்றுகிறார், இன்னாடி, நீ சுத்தறது தாரா கதையா என்று கேட்பார். சிரிப்பு வரும். உன் கடிதம் வந்த பிறகு நான்கு நாள் ஒரு வரி எழுதவில்லை. கதை எழுதுகிற கையால்தான் இதைச் செய்தேன் என்று அந்தக் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை. இப்போது ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன், கதைக்கு நூல்கட்டுத் தாள், கடிதத்துக்கு வெள்ளைத் தாள், அது இதில் வரக்கூடாது. அம்மா சொல்லும்போது விட்டுப்போனால், எங்கே விட்டேன் சொல்லுங்க என்று கேட்க வேண்டும். இன்றைக்கு மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் திட்டு விழுந்தது.

நைனாவைப் பற்றி எனக்கு உண்மையாகத் தெரிந்தது இவ்வளவுதான். நீ போன அன்று, 'போறவ போவட்டும், இனிமே அவ பேச்சு இந்த ஊட்டுல வேணாம்' என்று சொன்னார். அதற்கப்புறம் உன் பெயரை அவர் சொல்லவில்லை, அவர் எதிரில் நாங்களும் சொல்வதில்லை. உன் கடிதத்தைக் கையில் எடுத்தால் எழுந்து குழாயடிக்குப் போய்க் கால் கழுவுகிறார். ரொம்ப நேரம் கழுவுகிறார். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது மாதிரி ஒரு வரி எழுதக் கை வருகிறது, எழுத மாட்டேன்.

இதுவரை எழுதியபோது அம்மா வந்துவிட்டார். உட்காரச் சொல்லி, முதலில் உன் கடிதத்தையும் பிறகு இதையும் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. பொட்டி கட்டினது நெஜமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். டிசம்பரில் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன். உன் வார்த்தைப்பாட்டுக்கு நைனா வருவாரென்று எதிர்பார்த்துக்கொண்டிருக்காதே, யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் காலேப் மாமாவைக் கூட்டிக்கொண்டு வருவேன், நீ திரும்பி வந்தாலும் இது உன் வீடு என்று சொல்லியிருக்கிறார். நான் புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னது இதுதான். இது வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் நான் எழுதியது வந்திருக்கிறது. நைனாவிடம் யார் சொல்வது என்று கேட்டேன். அம்மா முக்காட்டை மடித்துக்கொண்டே, 'அவரு வாயில வார்த்தய வெச்சது நீதான. நீயே போயி சொல்லு' என்றார்.

அக்கா, அங்கேயே இருப்பதோ வருவதோ உன் இஷ்டம், ஆனால் என் வரியை வைத்து முடிவு செய்யாதே. ஜெபப் புத்தகத்தில் இருக்கும் அந்தச் சீட்டை எடுத்துவிடு, மறந்துவிடாதே. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறார், மாதா உன்னை முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும் என்கிறார். கீழே அம்மா தன் கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா, தேவசுந்தரி
எழுதியது, தங்கை சலோமி

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். நைனா என்ன பதில் சொன்னார் என்று இதில் இருக்காது, அவர் பேச்சை இனி அவர்தான் உனக்கு எழுத வேண்டும். நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். தறிக்கூடத்துக்குப் போனேன். அந்தச் சத்தத்தில் நான் பேசினால் கேட்காது. நைனா தம் இரண்டு தறிக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். இரண்டின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, "நைனா, ப்ளெஸ்ஸி அக்காவப் பத்தி பேசணும்" என்றேன்.