காய்ச்சல் தின்ற கட்டி

என் திரேசாவுக்கு,

கருவாட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படலையைக் காலால் தள்ளித் திறப்பாயே, அந்தக் காலுக்கு முதலில் ஒரு கும்பிடு. நீ போய் இது மூன்றாவது மாரி. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதப் பயந்துகொண்டிருந்தேன். இன்றைக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

உன் மகள் யசிந்தா என் வீட்டில் காய்ச்சலோடு கிடக்கிறாள். நீ எனக்குக் கஞ்சி பருக்கிய அதே மூலை, அதே பாய். அவள் கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது. பதறாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே கை கால் ஓடாமல்தான் இருக்கிறேன்.

எழுதி முடித்ததும் இதைச் சங்கக்கடைப் பலகையில் ஒட்டச் சொல்லப்போகிறேன். எனக்கு எழுதுவதை ஊர் ஏனடி படிக்கவேண்டும் என்று கேட்பாய். என் வாயிலிருந்து கிளம்பிய ஒரு கதை எங்கள் தர்மபுரத்தில் பஸ் ஏறி உங்கள் முல்லைத்தீவுக் கரைவரைக்கும் போய்விட்டது. அதை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது? அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், கேள்.

எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது உடுத்த துணியோடு இங்கே வந்து, காடு வெட்டிக் குடிசை போட்டவள் நான். நீ கடற்கரைக்காரி, வேதக்காரி. வீடு வீடாகக் கருவாடு கொடுத்து, நெல்லும் மிளகாயும் வாங்கிக்கொண்டு போவாய். மத்தியானச் சோறு என் வீட்டில். நான் "ஆமாங்க" என்று சொன்னால் உனக்குப் பொறுக்காது.

"எங்கட தண்ணியைக் குடிச்சுக்கொண்டு இன்னும் என்னடி ஆமாங்க? ஓம் எண்டு சொல்லு பாப்பம்."

"ஓமுங்க."

பெட்டியில் தட்டித் தட்டிச் சிரிப்பாய். உன் சிரிப்புக்கு அடுத்த வீட்டு வளவு நாய் குரைக்கும்.

என் கட்டியை முதலில் கண்டவளும் நீதான். ஒரு மத்தியானம் எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாய். "இதென்னடி, நெல்லிக்காய் மாதிரி?" என்றாய். தேடிப் பார்த்தால் மூன்று. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே கொஞ்சம் சதையை வெட்டிப் பார்த்துப் புற்று என்றார்கள். மருந்து ஏற்றத் திரும்பி வா என்று ஒரு திகதி எழுதித் தந்தார்கள்.

அந்தக் கிழமை ஏழு நாளும் ரோட்டில் குழப்பம், ரயிலும் ஓடவில்லை. இதுவரைக்கும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அதற்கடுத்த கிழமை பஸ் ஓடியது, திரேசா. நான் போகவில்லை. எழுபத்தேழில் பஸ்ஸை மறித்து, தமிழரா என்று பார்க்க ஒவ்வொருவராகப் பேர் கேட்டவர்களின் முகம் எனக்கு மறக்கவே இல்லை. கட்டியைவிட அந்த ரோட்டுக்குத்தான் எனக்குப் பயம். நீ கேட்கும்போதெல்லாம் குழப்பம் தீரட்டும், தீரட்டும் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகைக்குள் அக்குளிலும் வந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. சட்டை தோளில் நிற்காமல் வழுகியது. என் வீட்டுக்காரர் யார் எந்த இலையைச் சொன்னாலும் அரைத்துப் பூசிப் பார்த்தார், ஒன்றுக்கும் கேட்கவில்லை. மார்கழியில் அதற்குமேல் மலேரியாவும் வந்தது.

வன்னியில் மலேரியா வராத வீடு எது? ஆனால் இது என்னைப் பாயோடு தூக்கித் தூக்கிப் போட்டது. குளிசையை விழுங்கினால் அடுத்த நிமிஷம் வாந்தி. அன்றைக்குக் கருவாட்டோடு வந்த நீ என்னைப் பார்த்தாய், பெட்டியை இறக்கினாய், வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டு இங்கேயே நின்றுவிட்டாய். ஒன்பது நாள். சாகப்போகிறவளுக்கு ஒன்பது நாள் யார் கஞ்சி காய்ச்சுவார்கள், சொல்லு?

வீட்டில் ஒரே ஒரு நுளம்புவலை. அதை எனக்குக் கட்டிவிட்டு நீ வெளியே படுத்தாய். உள்ளே வந்து படு என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார்.

"எனக்கு உப்புக் காத்தில காய்ஞ்ச தோல் அண்ணை. நுளம்பு கடிச்சால் அதுதான் சாகும்" என்றாய்.

காய்ச்சலுக்குள்ளும் அது என் காதில் விழுந்தது. நான் சிரித்தேனோ என்னவோ, நினைவில்லை.

பத்தாம் நாள் நீ பஸ் ஏறினாய். மூன்று கிழமை கழித்துச் செய்தி வந்தது. காய்ச்சல் தலைக்கேறி, நினைவு தப்பி, மூன்றே நாளில் போய்விட்டாய் என்றார்கள். உன் செத்தவீட்டுக்கு என் வீட்டுக்காரர்தான் போனார். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க என்னால் எழும்ப முடியவில்லை.

நீ போன அந்த மாதம்தான் என் கட்டிகள் கரையத் தொடங்கின. தைப்பூசத்துக்குத் தலை முழுகும்போது தடவினேன், ஒன்றைக் காணவில்லை. மாசிக்குள் மூன்றும் இல்லை, அக்குளிலும் இல்லை. கிளிநொச்சி டொக்டர் கொழும்புக் கடதாசியை வாசித்தார், என் கழுத்தைப் பிசைந்து பார்த்தார், மறுபடியும் கடதாசியை வாசித்தார்.

"இது நீங்கள்தானோ?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"எனக்கு விளங்கேல்லை அம்மா. அருமையா எங்கேயோ ஒருத்தருக்கு இப்பிடி நடக்கிறது எண்டு படிச்சிருக்கிறன். ஏனெண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. திரும்பி வராது எண்டும் நான் சொல்லமாட்டன்."

அவர் சொன்னதில் ஊருக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. எனக்கும் அது போதவில்லை. ஊர் அம்மன் என்றது, என் வீட்டுக்காரர் இலை என்றார். எங்கெங்கோ இருந்து நோயாளிகள் வந்து என் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி என் வளவு மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். நானோ விடிந்ததும் கண்ணைத் திறக்க முதல் கழுத்தைத் தடவிப் பார்க்கிறவள். இந்த மூன்று வருஷத்தில் தடவாத காலை ஒன்றுகூட இல்லை.

இனித்தான் நீ என்னைத் திட்டப்போகிற இடம் வருகிறது.

உன் முதல் வருஷப் பூசைக்கு வந்திருந்தேன். பூசை முடிந்து யசிந்தா என் மடியில் விழுந்து அழுதாள். "அம்மா என்னத்துக்குச் சின்னம்மா உங்கட வீட்டில வந்து கிடந்தவா? சும்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருந்தால் அந்த ஒன்பது நாளும் எங்களோட இருந்திருப்பாவே" என்றாள். நான் என்ன சொல்ல? "ஒங்கம்மா வந்தது வீண் போகல புள்ள. அவ பக்கத்துல இருந்து பார்த்த அந்தக் காய்ச்சல்தான் என் கட்டியத் தின்னுட்டுப் போச்சு" என்றேன். அவளைத் தேற்றச் சொன்னதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்குச் சொல்கிறேன், என்னைத் தேற்றிக்கொள்ளத்தான் சொன்னேன். ஒருமுறை சொன்னதும் அது இனித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

சொல்லாத பாதி ஒன்று இருந்தது. நீ டைபாய்டு என்கிற நெருப்புக்காய்ச்சலில் போனாய் என்றுதான் உன் வீட்டுக்காரர் சூசையண்ணனும் பிள்ளையும் நம்பியிருந்தார்கள். உன் இரத்தத்தைக் குத்திப் பார்த்த முடிவு நீ போன பிறகுதான் வந்தது. அழுதுகொண்டிருந்த வீட்டில் ஆஸ்பத்திரி அலுவலைப் பார்க்க ஆள் இல்லாமல் என் வீட்டுக்காரர் போய் அந்தத் துண்டுக் கடதாசியை வாங்கினார். மலேரியா என்று எழுதியிருந்தது. அவர் அதை என்னிடம் தந்தார். நான் அதை அலுமாரியில் சேலைக்குள் மடித்து வைத்தேன். என் வீட்டில், வலைக்கு வெளியே படுத்து வாங்கிக்கொண்டு போனாய் என்று எந்த வாயால் சொல்வேன்?

பிறகு உன் பெட்டியை யசிந்தா தூக்கினாள். நீ வருகிற அதே பஸ், அதே மத்தியானச் சோறு. போன மாதம் அவளுக்குப் பேன் பார்த்தேன். என் கை நின்றுவிட்டது. ஐயோ திரேசா, கை நின்ற அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! என்னை இழுத்துக்கொண்டுபோக நீ இருந்தாய். நான் அவளை இழுத்துக்கொண்டு அதே டொக்டரிடம் ஓடினேன்.

"கசம், டிபிக் கட்டி எண்டால் ஆறேழு மாதம் குளிசை குடிச்சால் சுகம் வரும். வேறயெண்டால் வேற மருந்து. கொழும்பில கொஞ்சம் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். பிந்தக் கூடாது" என்றார். திகதி வாங்கித் தந்தார். வருகிற புதன்கிழமை.

அதற்குள் அவளுக்குக் காய்ச்சல். மலேரியாதான். குளிசை தந்தார்கள். நான் கொடுக்கக் கொடுக்க வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்தாள். நாலு நாளாகியும் சூடு இறங்கவில்லை. இன்றைக்குக் காலையில் பெட்டியைக் கழுவி வெயிலில் வைக்கலாம் என்று அடியில் விரித்திருந்த சாக்கை எடுத்தேன். அதன் கீழே குளிசைகள். ஓரம் கரைந்து, கருவாட்டு உப்பு ஒட்டி, நான் கொடுத்த அத்தனையும் அங்கே கிடந்தன.

"ஏன் புள்ள? ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்று கத்திவிட்டேன்.

அவள் நடுங்கிக்கொண்டே, எனக்கு விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள். "குளிசை குடிச்சால் காய்ச்சல் போயிடும் சின்னம்மா. காய்ச்சல் போனால் கட்டியை ஆர் கரைக்கிறது? உங்களுக்கும் குளிசை வயித்தில நிக்கேல்லைத்தானே. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கட்டியைக் கண்ட நாளிலிருந்து தன் வீட்டில் நுளம்புவலைக்கு வெளியே அவள் வேண்டுமென்றே படுத்திருக்கிறாள். நல்ல காய்ச்சலாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். கொழும்பு ரோட்டுக்கும் கத்திக்கும் பயந்த பிள்ளைக்கு நான் வழி காட்டியிருக்கிறேன், பார்!

அலுமாரியைத் திறந்தேன். சேலைக்குள் இருந்த துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உன் பெயரை வாசித்தாள். கீழே வாசித்தாள்.

"அம்மாவுக்கும் இதே காய்ச்சலோ?"

"ஓம்."

"உங்கட வீட்டில இருந்தோ?"

"ஓம்."

"அப்ப உங்களை என்ன சுகமாக்கினது?"

"தெரியல புள்ள. டாக்டருக்கே தெரியல."

"தெரியாதெண்டால் ஏன் சொன்னனீங்கள்?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அடுப்படியில் போய் நின்று அழுதேன். அழுதுகொண்டு நிற்கும்போதுதான் நினைவு வந்தது, "ங்க" இல்லாமல் எனக்கு "ஓம்" வந்துவிட்டது. கேட்டுச் சிரிக்க நீ இல்லையே.

ஒரு மணித்தியாலம் இருக்கும். திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். குளிசையை வைத்தேன். விழுங்கியதும் வாயைத் திற என்றேன், நாக்கைத் தூக்கு என்றேன், விரலை விட்டுப் பார்த்தேன். கடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. கடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வாந்தி வரும் வரும் என்று சட்டியோடு பக்கத்தில் இருந்தேன். வரவில்லை.

இப்போது பின்னேரம். நெற்றியில் கை வைத்தால் இன்னும் சுடுகிறது. போன தரத்தைவிடக் குறைவா? எனக்குத் தெரியவில்லை. நிமிஷத்துக்கு ஒருமுறை வைத்துப் பார்த்தால் கைக்கு என்ன தெரியும்? இந்த வரியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழும்பிப் போய்விட்டேன். நாளைக் காலையும் இறங்காவிட்டால் உழவு மெஷினில் பூட்டிய வண்டிப் பெட்டியில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். தலைக்கேறும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன்.

சங்கக்கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன். என் கட்டி ஏன் போனது என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்று நான் சொன்னதை நம்பாதேங்கோ. அதே காய்ச்சல் என் திரேசாவைக் கொன்றது. குளிசை தந்தால் விழுங்குங்கோ, திகதி தந்தால் போங்கோ. என் வளவு மண்ணை எடுத்துக்கொண்டு போனவளுக்கும் யாராவது போய்ச் சொல்லுங்கோ.

இனி உனக்கு, திரேசா. சூசையண்ணனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், துண்டையும் அவர் கையில் கொடுப்பேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். காய்ச்சல் விட்டதும் புதன்கிழமை பஸ்ஸில் யசிந்தாவோடு நான் ஏறுவேன். காய்ச்சல் விடாவிட்டால் டொக்டரிடம் நின்று அடுத்த திகதியை வாங்குவேன், அந்தத் திகதிக்கு ஏறுவேன். வவுனியா தாண்டும்போது பஸ்ஸை மறிப்பார்கள், தெரியும். பேர் கேட்டால் பேரைச் சொல்வேன். அவளை வெட்டிப் பார்த்து இன்னது என்று சொல்லும்வரைக்கும் அந்த ஆஸ்பத்திரி வாசலை விட்டு அசையமாட்டேன். அதுவரைக்கும் என் கழுத்தையும் தொடமாட்டேன். இன்றைக்குத் தொடவில்லை.

வீட்டில் இன்னும் ஒரே ஒரு வலைதான். இன்றைக்கு அதை அவளுக்குக் கட்டிவிட்டு நானும் உள்ளேயே படுப்பேன். பேசாவிட்டால் பேசாமல் இருக்கட்டும், ஒதுங்கி இடம் விட்டால் போதும்.

உன் மகள் என்னோடு பேசாவிட்டாலும் அவளுக்கு என்றும் சின்னம்மா,
பாக்கியம்