ஏணியைப் பிடித்தவருக்கு

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. நான் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன்.

சாயங்காலம் உங்கள் அக்கா, தன் வீட்டை நமக்கு விற்கும் பத்திரத்தோடு வருவார். டீ போட்டுக் கொடுங்கள். நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை என்றும் சொல்லுங்கள்.

வீட்டைச் சோதித்துப் பார்க்கும் செலவு யாருடையது என்று எத்தனை நாள் முட்டிக்கொண்டோம்! "வாங்குறவங்கதான் கொடுக்கணும், அப்பதான் சோதிக்க வர்ற ஆள் நம்மகிட்ட உண்மையைச் சொல்வார்" என்றேன். "அக்காவே ஒரு இன்ஜினியருக்குக் காசு கொடுத்துப் பார்த்துட்டா, எல்லாம் நல்லா இருக்காம். கூடப்பிறந்தவளையே சந்தேகப்படுறியா?" என்று என் வாயை அடைத்தீர்கள்.

நேற்று என் சம்பளத்தில் நானே ஓர் இன்ஜினியரை அங்கே அழைத்துப் போனேன். வந்தவர், அக்கா அழைத்திருந்த அதே ஆள்தான். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"திரும்பவும் எதுக்கும்மா? கூரை உத்தரமெல்லாம் கரையான்னு வீட்டுக்காரம்மாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே. அந்தம்மாவோட தம்பிதான் ஏணியைப் பிடிச்சிக்கிட்டு நின்னார். மண்ணெல்லாம் அவர் தலையிலதான் கொட்டுச்சு, பாவம்" என்றார்.

அக்காவிடம் நல்ல பெயர் வாங்க என் காதில் பூ சுற்றியிருக்கிறீர்கள். கூரை நம் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை, இல்லையா?

இன்னொன்று. இருமல் மருந்து மேல் தட்டில் இருக்கிறது. அன்று தலையெல்லாம் மண்ணோடு வந்து "ஆபீஸ்ல பழைய ஃபைல் தூசி" என்றீர்களே, அந்தத் தலைக்கு வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டவள் நான்.