தொட்டியில் இன்னும் நீ ஊற்றிய தண்ணீர்

என் உயிரான ரூத் அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் மீன்தொட்டிக்கு நான்தான் பெரிய டாக்டர். பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றுகிற இந்தக் கையைத் தேடிக் காரியாபட்டியிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. சரி, உன்னிடம் மறைக்க முடியுமா? ஒரே ஆள்தான் வந்தான், அவனும் வழி கேட்க. ஆனால் மீனைப் பற்றிக் கேட்டிருந்தால் அசந்து போயிருப்பான்.

தொட்டி வாங்கிய மாதமே நீ கர்த்தரிடம் கிளம்பிவிட்டாய். சென்னையிலிருந்து உன் மகள் ஜெபா போனில் ஒன்றுதான் கேட்டாள். “மாமா, நான் கிறிஸ்துமஸுக்கு வர்ற வரைக்கும் அதுக உசுரோட இருக்கணும். அம்மா கையால தீனி தின்னதுக.” மீனைப் பார்த்துக்கொள்ள இந்த ஜில்லாவிலேயே என்னைவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

போன வாரம் குழாயில் தண்ணீர் வந்தது. நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே, புதுத் தண்ணீர் வந்தால் குடம், டிரம் எல்லாம் கவிழ்த்துக் கழுவிப் பிடிப்போம். நான் உன் வீட்டுக்குப் போனபோது அத்தான் உன் தொட்டியையும் முற்றத்தில் கவிழ்த்திருந்தார். நாலு மீனும் கொஞ்சம் பழைய தண்ணீரோடு வாளியில். அவர் கையில் சோப்புத்தூள்.

“அத்தான், என்ன பண்ணுறீக?”

“புதுத் தண்ணி வந்திருக்குலே. அதுக மட்டும் பழசுல கெடக்கணுமா? ஒங்கக்கா இருந்தா விடுவாளா?”

“அக்கா இருந்தா ஒங்களத்தான் வாளிக்குள்ள போட்டிருப்பா!”

பாய்ந்தேன் பார், புலிகூட அப்படிப் பாயாது. வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ முதல் தடவை தொட்டித் தண்ணீரை மாற்றிய அன்றைக்கு உன்னைக் கேலி செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? “ஆஸ்பத்திரில ஊரையே சோப்புப் போட்டுக் கழுவுற நர்சம்மா, இதக் கழுவ மாட்டியாக்கா?” நீ சிரித்தாய். “ஏலே, இதுல நல்ல கிருமியும் இருக்குலே. மொத்தமாத் தேய்ச்சா அதுவும் போயிரும், மீனும் போயிரும். கால்வாசி எடு, கால்வாசி ஊத்து.” எத்தனை டாக்டர்கள் உன்னிடம் கைகட்டி நின்றிருக்க வேண்டும்! எனக்குத் தெரிந்து எல்லோரும் நின்றார்கள்.

நீ சொன்னபடியே செய்தேன். கூழாங்கற்களைப் பழைய தண்ணீரிலேயே அலசிப் போட்டு, வாளியிலிருந்ததைத் தொட்டியில் ஊற்றினேன். பாதிதான் வந்தது. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை. அதை அண்டாவில் ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். அதுவரை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அத்தான் சோற்றைத் தொடவே இல்லை. அந்தச் சிவப்பு மீன் தீனியைக் கவ்விய பிறகுதான் தட்டை எடுத்தார்.

சாப்பிட்டுக்கொண்டே மெல்லக் கேட்டார். “மாப்ளே, இதுல அவ ஊத்துன தண்ணி இன்னும் இருக்குமாலே?”

நான் அஞ்சாவது வரை படித்தவன், கணக்குப் போட்டேன். கால்வாசி எடுத்தால் முக்கால்வாசி மிச்சம். அதில் கால்வாசி எடுத்தாலும் மிச்சம். எத்தனை தடவை எடுத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். “தீரவே தீராது அத்தான்” என்றேன். உனக்குத்தான் கணக்கு நன்றாக வரும். சரிதானே அக்கா?

ஜெபா வரும்போது நாலும் நீந்திக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகும், என் கை இருக்கிற வரைக்கும், கால்வாசிக்கு மேல் ஒரு சொட்டுகூட எடுக்கமாட்டேன்.

உன் கூடப்பிறந்த ஒரே தம்பி,
ஞானராசு