ஈ டிரைவை அழித்தவளுக்கு

இன்று காலை உன் தம்பி என் கடைக்கு வந்திருந்தான். உன் நினைவுப் பூசைக்கு அட்டை அடிக்க வேண்டுமாம். பென் டிரைவில் ஒரே ஒரு படம் வைத்திருந்தான். திரையில் திறந்தேன். நாம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் கிறிஸ்துமஸ் அன்று எடுத்த படம். நீ வாய்கொள்ளாமல் சிரிக்கிறாய். உன் தோளில் ஒரு கை கிடக்கிறது. கருப்பு வார் வாட்ச் கட்டிய என் கை.

"அக்கா, அந்தக் கைய மட்டும் எடுத்துட முடியுமா?" என்றான். அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது.

"முடியும், உக்காருப்பா" என்றேன். டீ வருவதற்குள் எடுத்துவிட்டேன். அட்டையில் நீ தனியாகத்தான் சிரிப்பாய்.

இறந்தவர்களுக்கு எழுத உட்கார்ந்தால் மனம் கனிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். கனியவில்லை. அதையும் உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

மிஷன் வீதிப் பக்கம், மாடியில் இருந்த அந்த சென்டரில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். உன் வீட்டு மீன் குழம்புக்கும் எங்கள் வீட்டு ரொட்டிக்கும் அத்தனை பொருத்தம். அப்பா ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர். சைக்கிளில் வீடு வீடாக ரொட்டி போடுவார். சென்டர் முதலாளி வீட்டுக்கும் அவர்தான். அந்தப் பழக்கத்தில் வாய்விட்டுக் கேட்டு எனக்கு வாங்கித் தந்த வேலை அது.

டிப்ளமோ பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் மூலையிலிருந்த பெரிய கம்ப்யூட்டரில் சேரும். நாம் போனபோது அது குப்பைத் தொட்டி மாதிரி இருந்தது. விண்டோஸ், பாட்டு, பிள்ளைகளின் வேலை, முதலாளி மகனின் விளையாட்டு, எல்லாம் ஒரே சி டிரைவில். மாதம் ஒரு வைரஸ் வரும், எல்லாம் போகும். நான்தான் அதைப் பிரித்து அடுக்கினேன். சி-யில் விண்டோஸ் மட்டும். டி-யில் மென்பொருள்களும், அவற்றை மறுபடி ஏற்றுவதற்கான செட்டப்புகளும். பிள்ளைகளின் வேலைக்கென்று இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டி அதை ஈ டிரைவ் ஆக்கினேன். விண்டோஸ் கெட்டால் சி-யை மட்டும் துடைத்துப் போட்டால் போதும், மற்றது எதுவும் அசையாது.

"இன்னாடி, அலமாரி அடுக்குற மாதிரி அடுக்குற?" என்று சிரித்தாய்.

"அலமாரிதான். தீப்பிடிச்சா ஒரு தட்டு மட்டும் எரியணும்" என்றேன். ஈ-யில் இருப்பதை சிடியிலும் எழுதி வைக்கலாம் என்று முதலாளியிடம் கேட்டிருந்தேன். ரைட்டர் வாங்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

அம்மாவைக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒருநாள் லீவு போட்டேன். அன்றுதான் வைரஸ் வந்து விண்டோஸ் படுத்துவிட்டது. நீ என் செல்லுக்கு மிஸ்டு கால் கொடுத்தாய். ஆஸ்பத்திரி வாசல் பூத்திலிருந்து திருப்பிக் கூப்பிட்டேன்.

"சிடி போட்டதும் நீலமா ஒரு ஸ்கிரீன் வரும். சி-ய மட்டும் ஃபார்மட் பண்ணு. டி, ஈ பக்கம் போவாத. சந்தேகமா இருந்தா விட்டுடு, நாளைக்கு நான் வந்துடறேன்" என்றேன்.

"தெரியும்டி, நானும் படிச்சவதான்" என்றாய்.

அந்த நீலத் திரையில், டெலிட்டுக்கான டி எழுத்தை அழுத்தினால் ஒரு பகுதி அழியும். நிச்சயம்தானா என்று அது இன்னொரு எழுத்தைக் கேட்கும். நீ எல்லாவற்றுக்கும் அழுத்தினாய். ஒவ்வொரு முறையும் அது கேட்டது. ஒவ்வொரு முறையும் நீ ஆமாம் என்றாய். இரண்டு டிஸ்கும் துடைத்த பலகையாயின.

கைதவறியதற்கு இத்தனை வருஷம் யாரும் வன்மம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் நான் மாடி ஏறி வந்தபோது முதலாளி நடுவில் நின்றார், பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ் மாறி மாறி வரும் அந்த மாணவி முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தாள். "யாரும்மா பண்ணது?" என்று அவர் கேட்டார். நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"ஸ்டெல்லாதான் சார். லீவுக்கு முந்தின நாளே இன்னாமோ பிரிக்கிறேன் அடுக்குறேன்னு நோண்டிட்டு இருந்தா. நான் தொறந்தப்பவே ஒண்ணும் இல்ல."

நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அடுக்கியவள் நான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அப்போதே படி இறங்கினேன்.

பின்னால் இந்தத் தொழிலில் ஊறிய பிறகு ஒன்று புரிந்தது. அழித்த டிஸ்கை அப்படியே தொடாமல் வைத்திருந்தால் பெரும்பாலானதை மீட்டிருக்கலாம். அன்று மாலையே நீ உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகளின் உழைப்பு கிடைத்திருக்கும். நீயோ எதுவும் நடக்காத மாதிரி காட்டுவதற்காகப் பாட்டையும் படத்தையும் கொண்டுவந்து அதன் மேலேயே நிரப்பினாய் என்று பின்னால் பிள்ளைகள் சொன்னார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்றுதான் என் கோபம் முற்றியது.

அப்பா முதலாளியிடம் போய்க் கெஞ்சினார். அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்களாம். வீட்டுக்கு வந்தவர் என்னிடம், "இன்னாம்மா, கவனமா இருந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். நீ செய்ததிலேயே பெரியது அதுதான். என்னைப் பெற்றவர் உன் பேச்சை நம்பினார்.

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷமே சென்டருக்கு நேர் எதிரே, நீ உட்காரும் ஜன்னலுக்கு முகம் பார்த்த மாதிரி, இந்தக் கடையைப் பிடித்தேன். "உங்கள் ஃபைல்கள் அழியாமல் விண்டோஸ் போட்டுத் தரப்படும்" என்று பெரிய எழுத்தில் போர்டு எழுதி மாட்டினேன். நீ தினமும் அதன் கீழேதான் பஸ்ஸுக்கு நடந்தாய். உன்னிடம் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக என்னிடம் சந்தேகம் கேட்க வந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தேன், இனிக்க இனிக்கச் சொல்லிக்கொடுத்தேன். சென்டர் மூடிய அன்று பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் டீ சொன்னேன்.

அப்புறம் நீ ஆட்டோவில் ஒரு சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். கல்யாணமாகி, பிரான்ஸில் இருக்கும் புருஷனிடம் போக விசாவுக்குக் காத்திருந்த நேரம். கல்யாணப் படங்கள், வயிற்றில் கரைந்துபோன பிள்ளையின் ஸ்கேன் படம், எல்லாம் சி டிரைவிலேயே இருந்தன. யாரோ அதன் மேல் விண்டோஸ் போட்டுவிட்டார்கள். நல்லவேளை, அதன்பின் நீ அதைத் தொடவில்லை.

"ஸ்டெல்லா, உன்ன விட்டா யாரும் இல்லடி."

"எடுத்துத் தரேன். எங்கப்பா கிட்ட வந்து சொல்லு. அன்னைக்கு யார் அழிச்சதுன்னு நீயே சொல்லு."

நீ சிபியூவை என் மேசை மேல் வைத்தாய். பிறகு சரி என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் எத்தனை வருஷம் ஏங்கினேன் தெரியுமா? அரியாங்குப்பம் வீட்டில் அப்பாவுக்கு எதிரே உன்னை உட்கார வைத்தேன். "அங்கிள், அன்னைக்கு அழிச்சது நான்தான். ஸ்டெல்லா மேல பொய் சொன்னேன்" என்று நீ சொன்னாய். அப்பா கத்துவார், எழுந்து போகச் சொல்வார், என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று சமையலறை வாசலில் நின்றேன்.

அப்பா உன் தலையில் கை வைத்தார். "அழாதம்மா. சின்ன வயசு, பயந்துட்ட. ஊருக்குப் போற பொண்ணு மனச பாரமா வச்சுக்காத" என்றார். என்னைப் பார்த்து, "காப்பி கொண்டாம்மா" என்றார். நான் போட்ட காப்பியை நீ குடித்தாய். ஒரு காப்பி ஆறும் நேரத்தில் என் பழியை என் அப்பாவே முடித்துவைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

உன் படங்களை ஒன்று விடாமல் மீட்டுக்கொடுத்தேன். அந்த ஸ்கேன் படத்தையும்தான். அதைப் பார்த்தபோது உனக்காகக் கோபம் கொஞ்சம் இறங்கியது; மறைக்க மாட்டேன். வேறொரு டிஸ்கில் தனியாகப் போட்டு, பெயர் வைத்து அடுக்கித் தந்தேன். வேலையில் நான் யாரையும் பழிவாங்குவதில்லை.

கடை வாசலில் ஆட்டோ ஏறும்போது திரும்பி நின்று கேட்டாய்: "இப்ப சரியாப் போச்சாடி?"

"இல்ல" என்றேன்.

ஆட்டோ போய்விட்டது. நீ பிரான்ஸ் போனாய், நோயில் விழுந்தாய், அங்கேயே முடிந்துபோனாய். நோய் என்று தெரிந்தபோது போன் செய்து "சரியாப் போச்சு" என்று சொல்லியிருக்கலாம் என்று நம் கதை தெரிந்த சிலர் சொல்கிறார்கள். நம்பர் என்னிடம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், நாக்கில் அந்தச் சொல் வரவில்லை. இன்று மறுபடி சொல்லிப் பார்த்தேன், கேட்க ஆளே இல்லாதபோது. இன்றும் வரவில்லை.