டம்ளரைத் தொட்ட பிள்ளைகள்

12-8-1974, திங்கள்.

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து ஃபாக்டரி வேலைக்குக் காத்திருக்கும் நேரத்தில் எட்டாம் வகுப்புக்குத் தற்காலிக வாத்தியார் நான். இன்று நான்டீடெயில் நாவலில், வெள்ளைக்காரருக்கு மட்டுமான குழாயில் தண்ணீர் குடித்த கறுப்புப் பையனை விரட்டும் கட்டம். "நல்லவேளை, நம்ம ஊர்ல இதெல்லாம் இல்ல" என்று சொல்லித் தொலைத்தேன்.

காலனிப் பெண் எஸ்தர் எழுந்தாள். "இன்னா சார் இப்டி சொல்றீங்க? ஸ்கூல் தண்ணிப் பானைகிட்ட நாங்க டம்ளரத் தொட்டா ஆயா கத்தும். அது மேலேர்ந்து ஊத்தும், நாங்க கைய ஏந்திக்கினு குடிப்போம்."

"உக்காரும்மா லாயரு" என்றான் பின்பெஞ்சில் ஒருத்தன். நான் போட்ட அதட்டலில் அடங்கினான்.

அந்தப் பானைக்குப் பக்கத்தில்தான் இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். இரும்பில் ஒரு நூல் பிசகு இருந்தாலும் பார்த்துவிடும் கண்ணுக்கு இது தெரியவில்லை.

எஸ்தரை நேரே பானையிடம் கூட்டிப்போய் டம்ளரை அவள் கையில் கொடுத்தேன். "எனக்கு மட்டுமா சார்?" என்றாள். காலனிப் பிள்ளைகள் எல்லாரையும் வரச்சொன்னேன். ஒவ்வொருவராக மொண்டு குடித்தார்கள். ஆயா ஹெட்மாஸ்டர் ரூமுக்கு ஓடினாள்.

நாளைக்கு அவர் என்னைக் கூப்பிடுவார். வேலை போகலாம். போகட்டும் என்று எழுத வரவில்லை, அப்பாவுக்கு என்ன சொல்வது... ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது. பதிமூன்று வயசுப் பெண் வாத்தியாரை முகத்துக்கு நேரே திருத்தினாள். அவளுக்கு நான் நன்றி சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் கூப்பிடுவதற்கு முன்னால், வகுப்பில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட வேண்டும்.