பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், நலமாக என்று சேர்த்து எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே, உன் இருமல் நின்றதா, நிற்காவிட்டால் வெந்நீரை நம்பிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போ. உன் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இந்த மாதம் முழுவதும் காலை ஷிப்ட், ஆறரைக்குக் கிளம்பினால் நாலு மணிக்குத்தான் வருகிறாள், அதுவரை இந்த மூன்று அறைக்குள் நானும் உன் பெரியப்பாவும்தான். பக்கவாதம் வந்து அவரை இங்கே கொண்டுவந்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இடது பக்கம் அப்படியேதான் கிடக்கிறது, வலது கையும் வாயும் நன்றாக வேலை செய்கின்றன, குறிப்பாக வாய். கல்லூரியில் என் விடுப்பை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள். புள்ளியியல் துறையில் எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரே கூப்பிட்டு ‘நிதானமா வாங்க சார், இங்க ஒண்ணும் அவசரமில்ல’ என்றார். அவருக்கு என்ன அவசரம் இருக்கப்போகிறது. பெரியப்பாவின் மகன் கப்பலில் இருக்கிறான், ஐந்து மாதத்தில் இரண்டு முறை பேசினான், இரண்டு முறையும் ‘சித்தப்பா, நீங்க இருக்கிறதால எனக்குக் கவலையே இல்ல’ என்றான். அவன் கவலையையும் நான்தான் படுகிறேன்.

எந்த ஹெட்ஃபோன் அனுப்பட்டும் என்று கேட்டிருந்தாய். ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்க இந்த வீட்டில் வழியில்லை. ஆலாபனை தொடங்கி இரண்டு நிமிடம் ஆனால் பக்கத்து அறையில் ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டுவார், ‘யாருக்குடா பல்லு வலி?’ என்பார். பதினேழு வயதில் என் பாட்டு வகுப்பை நிறுத்தியவரும் இவர்தான், ‘பாடி எவன்டா உருப்பட்டான், கணக்கு படி’ என்று. அதை நான் மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை. முதலில் வீட்டில் கிடந்த பழைய ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்தேன். அவர் அறை எனக்கு வலது பக்கம், கூப்பிட்டால் கேட்கவேண்டுமே என்று வலது காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். இந்த வயலின்காரர் ஏன் இப்படிப் பட்டும் படாமலும் வாசிக்கிறார் என்று இரண்டு வாரம் அவரைத் திட்டித் தீர்த்தேன், பிறகுதான் தெரிந்தது அந்தப் பதிவில் பாட்டு இடது காதுக்கும் வயலின் வலது காதுக்கும் வருகிறது என்று. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவை வீட்டில் இருத்திவிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எதையோ இடிமாதிரிப் போட்டு ‘பேஸ் பாருங்க சார், நெஞ்சே அதிரும்’ என்றார். அதிர்ந்தவரை போதும், தம்பூரா போடுங்கள் என்றேன். பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோனில் தம்பூரா கடை முழுவதும் பரவியது, பாடுகிறவர் எதிரில் உட்கார்ந்திருந்தார், ஆனால் மூன்றடி தள்ளி நின்ற கடைக்காரருக்கும் அது கேட்டது. அவருக்குக் கேட்டால் பெரியப்பாவுக்கும் கேட்கும். பின்பக்கம் மூடியதில் மிருதங்கம் அண்டாவுக்குள் வாசிப்பதுபோல இருக்கிறது, குரல் ஓரடி பின்னால் போய்விடுகிறது, ஆனால் உள்ளே இருப்பது வெளியே கசியாது, வெளியே இருப்பதும் உள்ளே வராது. பத்து நாளில் திருப்பித் தரலாம் என்றதும் மூடியதையே எடுத்துவந்தேன்.

புதன்கிழமை மதியம் பெரியப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம், மகளே, இந்த வீட்டில் யாருமே இல்லை, நான்கூட இல்லை. அடுத்த பாட்டைத் தேடக் கழற்றியபோது ஸ்பூன் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, மெதுவாக, ரொம்ப நேரமாகத் தட்டிக் களைத்தவர் தட்டுவதுபோல. உனக்குப் பொய் எழுதமாட்டேன். மறுபடி மாட்டிக்கொண்டேன். ஒரு பாட்டு முழுவதும் கேட்டேன், அதில் ஒரு சுரமும் மனதில் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால் படுக்கை நனைந்திருந்தது, தலையணை கீழே கிடந்தது, அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. விரிப்பை மாற்றி அவரைத் துடைத்துவிட்டேன். பிறகு என் கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனைப் பார்த்து ‘அது நல்லா மூடுதாடா?’ என்றார். மூடுகிறது என்றேன். ‘அப்ப எனக்குக் குடு. நீ பெரியவகிட்ட ஃபோன்ல பேசுறதெல்லாம் ஒண்ணு விடாம கேக்குது’ என்றார்.

நீ ‘மெதுவாப் பேசுங்கப்பா’ என்பாய், அவர் தூங்குகிறார் என்று நான் சொல்வேன். அவர் தூங்கவில்லை. போன ஞாயிறு இது எப்போதுதான் முடியுமோ என்று உன்னிடம் நான் கேட்டபோதும் தூங்கவில்லை. ஃபோனை விட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான். ஹெட்ஃபோனைக் கொடுத்துவிட்டேன். என்ன போடட்டும் என்றதற்கு ‘ஒண்ணும் வேணாம், வயரைச் சொருகாத’ என்றார். அதை மாட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டேன், தட்டவில்லை. இரண்டு நிமிடத்தில் எழுந்துபோய்ப் பார்த்தேன், பிறகு இன்னும் மூன்று முறை போய்ப் பார்த்தேன், அதற்குள் கச்சேரி முடிந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பாட்டு வகுப்புக்கு அவரும் கேட்டதில்லை.

ஆகையால் பின்பக்கம் மூடியதாகவே அனுப்பு. குரல் எப்படி, தம்பூரா எப்படி என்றெல்லாம் பார்க்காதே. எடை குறைவாக இருக்கட்டும், ஒருக்களித்துப் படுப்பவர் என்பதால் காதுக்கு வெளியே அதிகம் துருத்தக்கூடாது, மெத்தை தோலாக இல்லாமல் துணியாக இருந்தால் வியர்க்காது. இப்போது இருப்பது ஒரு மணி நேரத்தில் காதுக்குப் பின்னால் சிவக்கப் பிடித்துவிடுகிறது, அவர் கழற்றவும் மாட்டேன் என்கிறார். புதன்கிழமை நடந்ததை உன் அம்மாவிடம் சொல்லாதே, சொல்லவேண்டிய நாளில் நானே சொல்லிக்கொள்கிறேன். இனி ஞாயிறு காலையில் கூப்பிடு, ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் அன்றைக்கே போட்டு முடித்துவிடு, என்னைப்போல எடுத்து வைக்காதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பார்சலை என் பெயருக்கு அனுப்பாதே, பெரியப்பா பெயருக்கு அனுப்பு. ஐந்து மாதமாக அவர் பெயருக்கு இந்த வீட்டுக்கு ஒன்றும் வந்ததில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா